கையெழுத்து இல்லாத பிக்காசோ அச்சு போலியா?

கேள்வி: பாரிஸில் ஒரு வியாபாரி, பிக்காசோவின் ‘வொலார் தொகுதி’யைச் சேர்ந்ததென்று மினோட்டார் அச்சுப்படம் ஒன்றைக் காட்டினார். அதில் கையெழுத்து இல்லை. கையெழுத்திட்ட பிரதியைச் சான்றிதழோடு கூடுதல் விலைக்குத் தருவதாகவும் சொல்கிறார். எதை நம்புவது?

பதில்: கையெழுத்து இல்லை என்பதற்காக அந்தப் படத்தைப் போலியென்று ஒதுக்கிவிடாதீர்கள். கிரேக்கப் புராணத்தின் காளைத்தலை மனிதனான மினோட்டார் இடம்பெறும் இத்தொகுதியின் 100 அச்சுத் தகடுகளைப் பிக்காசோ 1930 முதல் 1937 வரை கலை வணிகர் அம்புருவாஸ் வொலாருக்காகச் செய்தார். 1939இல் ரொஜே லக்கூரியேர் அவற்றை அச்சிட்ட அதே ஆண்டில் வொலார் கார் விபத்தில் இறந்துவிட, அந்த அச்சுத் தாள்களில் பெரும்பகுதியை வாங்கிய அச்சுப்பட வணிகர் ஆன்றி பெத்தியே பின்னாளில் பிக்காசோவிடம் சிறிது சிறிதாகப் பென்சில் கையெழுத்து வாங்கினார். எல்லாத் தாள்களிலும் அது முடியவில்லை. ஆகவே கையெழுத்தில்லாத அசல் பிரதிகள் உண்டு. இதை நான் வலியுறுத்தக் காரணம், அசல் தாளிலேயே பிற்பாடு பொய்க் கையெழுத்தைப் போட்டு விலையை ஏற்றும் மோசடிக்கு இந்தத் தொகுதி மிகவும் வசதியாக இருப்பதுதான். தாள் அசல் என்பதாலேயே பென்சில் எழுத்தும் அசலாகிவிடாது.

சான்றிதழை நம்பாதீர்கள். விற்பவரே தம் கணினியில் அச்சடித்துத் தரும் காகிதத்தை வைத்து விலை பேசுவதை இந்தச் சந்தை இன்னும் பொறுத்துக்கொண்டிருப்பது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

படத்தைச் சட்டத்திலிருந்து வெளியே எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். தாளை வெளிச்சத்தில் பிடித்தால், 260 பிரதிகள் கொண்ட வழக்கமான பதிப்பில் ‘பிக்காசோ’ அல்லது ‘வொலார்’ என்ற நீர்க்குறி தெரியும். அகல ஓரத்தோடு அச்சான 50 பிரதிகளில் காகித ஆலையின் பெயர் இருக்கும். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் கோடுகள் ஒழுங்கான சிறு புள்ளிகளாகப் பிரிந்தால் அது புத்தகத்திலிருந்து கத்தரித்த பக்கமாக இருக்கலாம். அச்சிடும்போது தகடு தாளில் அழுந்திய பள்ளத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், அதையும் செயற்கையாக உண்டாக்குகிறார்கள்.

இவையெல்லாம் பொருந்தினால் கையெழுத்தில்லாத பிரதிக்கே விலை பேசுங்கள். கையெழுத்திட்டதுதான் வேண்டுமென்றால், அது யார் யார் கைமாறி வந்தது என்பதற்கான பழைய ரசீதுகளை முதலில் கேளுங்கள். அவற்றையும் தாளையும் அந்த வியாபாரியோடு தொடர்பில்லாத அச்சுப்பட நிபுணர் ஒருவர் பார்க்கும்வரை முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.