சுரங்கத்துக்குள் ரயில் தீப்பிடித்தால்: கேள்வி பதில்

கேள்வி: ரயிலில் தீ என்றால் உடனே நிறுத்துவதுதானே முறை? நீண்ட சுரங்கத்தில் மட்டும் ஏன் ஓட்டச் சொல்கிறார்கள்?

பதில்: ஜப்பானிலும் நிறுத்துவதே விதியாக இருந்தது. 1969இல் சுமார் 14 கி.மீ. நீள ஹொக்குரிகு சுரங்கத்தில் ஒரு விரைவு ரயில் தீப்பிடித்தது. ஓட்டுநர் நிறுத்தாமல் வெளியே கொண்டுவந்தார். தீ அணைந்தது, யாரும் சாகவில்லை. விதியை மீறியதற்காக அவரைத் தண்டித்தார்கள். 1972 நவம்பர் 6 அதிகாலையில் அதே சுரங்கத்தில் கிடாகுனி ரயிலின் உணவுப் பெட்டி எரிந்தது. விதிப்படி நிறுத்தினார்கள். எரியும் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே, கசிவுநீருக்காக மேலே பொருத்தியிருந்த குழாய் உருகி மின்கம்பியில் விழ, மின்சாரம் போனது. அதன்பின் வண்டி அசையவே இல்லை. 30 பேர் இறந்தார்கள். பிறகு பெட்டிகளை எரியவிட்டு ஓட்டிச் சோதித்து விதியை மாற்றினார்கள். 1969 ஓட்டுநரின் தண்டனையும் ரத்தானது. ஆகவே சொல்கிறேன்: சுரங்கத்துக்குள் அபாயச் சங்கிலியை இழுக்காதீர்கள்.

கேள்வி: ஓடினால் காற்றுப் பட்டுத் தீ பெருகாதா?

பதில்: பெருகலாம். அதனால்தான் நீண்ட சுரங்கங்களில் ஓடும் பயணிகள் ரயில், தீயோடும் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 15 நிமிடம் ஓட வேண்டும் என்கிறது ஐரோப்பிய விதி. அதற்குள் 20 கி.மீ. கடந்துவிடலாம்.

கேள்வி: 1996இல் பிரிட்டனையும் பிரான்ஸையும் இணைக்கும் ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்தில், நிறுத்தாமல் ஓட்டும் அந்தக் கொள்கை தோற்றதே?

பதில்: நல்ல வாதம், பாதி ஒப்புக்கொள்கிறேன். லாரிகளை ஏற்றிய அந்த ரயில் பெட்டிகளின் பக்கங்கள் மூடப்படாத வெறும் சட்டகங்கள். காற்று தீயை ஊதிப் பெருக்கியது. எச்சரிக்கை விளக்கு எரிந்ததால் ஓட்டுநர் நிறுத்த நேர்ந்தது. ஆனாலும் 34 பேரும் பிழைத்தார்கள். அங்கே 375 மீட்டருக்கு ஒரு குறுக்கு வழி, பக்கத்திலுள்ள சேவைச் சுரங்கத்துக்குப் போகிறது. இரு ரயில் சுரங்கங்களுக்கும் நடுவிலுள்ள அந்தச் சேவைச் சுரங்கத்தில் காற்றழுத்தம் அதிகம். கதவைத் திறந்ததும் நல்ல காற்று பாய்ந்து புகையைத் தள்ளியது. ஓட முடியாவிட்டால், தப்பிக்கக் கதவுள்ள இடத்தில் நிற்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் அடித்தளச் சுரங்கத்துக்குள் உள்ள செட்ரூன், ஃபாய்டோ அவசர நிறுத்த நிலையங்கள் அதற்காகவே.

கேள்வி: புகை வந்ததும் சங்கிலியை இழுத்து இறங்கிவிடலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். இழுக்காதீர்கள்.

கேள்வி: சரிவான சுரங்கத்தில் எந்தப் பக்கம் ஓடுவது?

பதில்: புகை மேலே ஏறும். 2000இல் ஆஸ்திரியாவின் காப்ரூன் மலை ரயில் தீவிபத்தில் 155 பேர் இறந்தார்கள். அந்த ரயிலிலிருந்து தப்பிய 12 பேரும் தீயைக் கடந்து கீழ்நோக்கி இறங்கியவர்கள்.

கேள்வி: சங்கிலி இழுத்தால் அபராதம் எவ்வளவு?

பதில்: ரயில்வே அலுவலகத்தில் கேளுங்கள். சுரங்கத்தில் இழுக்காதீர்கள் என்பது அபராதத்துக்குப் பயந்து அல்ல.