நொத்தேர் முன்னால் ஒரு கையெழுத்து – கடிதம்

அன்புள்ள அம்மா,

எனக்கு வயது 27. ஊர் கடலூர் மஞ்சக்குப்பம். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வரும் தை மாதம் திருவந்திபுரத்தில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். பாரிஸுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறார். கடனில் ஒரு ஃபிளாட் வாங்கியிருக்கிறார். நண்பரோடு சேர்ந்து பாரிஸின் லா ஷப்பெல் பகுதியில் மளிகைக் கடை போடும் யோசனையும் இருக்கிறது.

நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு, கல்யாணத்துக்கு முன்னால் நொத்தேரிடம் (பிரான்ஸில் பத்திரம் எழுதி உறுதிசெய்யும் சட்ட அலுவலர்) போய் ‘அவரவர் சொத்து அவரவருக்கு’ என்று ஓர் ஒப்பந்தம் போட்டுவிடலாம் என்கிறார். அங்கே பலரும் செய்வதுதான், பிடிக்காவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். அவர் நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அப்பா சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. “தாலி கட்டறதுக்கு முன்னாடியே அத்துவிடறதுக்கு வழி பாக்கறாங்களே” என்கிறார். மாமாவோ, “இந்த மாதிரிப் பத்திரமெல்லாம் செல்லாது, கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுட்டுப் போ” என்கிறார்.

நெல்லிக்குப்பத்தில் என் பெயரில் ஒரு மனை இருக்கிறது. நகையும் போடுகிறார்கள். வேலையை விட்டுவிட்டுத்தான் போகிறேன். நீங்கள் பிரெஞ்சு ஆவணங்களை மொழிபெயர்ப்பவர் என்பதால் கேட்கிறேன். கையெழுத்துப் போடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மாமா சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். உங்களுக்கு அதிகக் கெடுதல் செய்யக்கூடியது அந்தப் பேச்சுதான்.

இங்கேயே குடித்தனம் நடத்தப்போகும் ஒரு இந்துத் தம்பதிக்கு மாமா சொல்வது பெருமளவு சரி. பொதுக்கொள்கைக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பேன் என்று கல்யாணத்துக்கு முன் எழுதிக்கொடுத்த ஒருவரின் ஒப்பந்தத்தை 1901இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. கல்யாணத்துக்குப் பிறகு எழுதுவதும் முழுக் காப்பு ஆகாது. மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு ‘இனி ஜீவனாம்சம் கேட்கமாட்டேன்’ என்று சமரசத்தில் கையெழுத்திட்ட மனைவி, பிறகு வேறு சட்டத்தின் கீழ் ஜீவனாம்சம் கேட்கத் தடையில்லை என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

ஆனால் நீங்கள் வாழப்போவது இங்கே இல்லை. 2019 ஜனவரி 29 முதல் நடக்கும் திருமணங்களுக்கு ஐரோப்பிய ஒன்றிய விதி ஒன்று இருக்கிறது. பிரான்ஸும் அதில் சேர்ந்த நாடு. தம்பதியர் வேறு சட்டத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டால், கல்யாணத்துக்குப் பிறகு முதன்முதலில் எந்த நாட்டில் சேர்ந்து குடியேறுகிறார்களோ அந்த நாட்டின் சட்டமே அவர்கள் சொத்து விவகாரத்துக்குப் பொருந்தும். தாலி கட்டுவது திருவந்திபுரமாக இருக்கலாம், சட்டம் பிரெஞ்சுச் சட்டம்தான். நொத்தேர் முன்னால் முறையாகப் போட்ட ஒப்பந்தம் அங்கே முழுமையாகச் செல்லும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். பிரான்ஸில் ஒப்பந்தம் போட்டாலும் போடாவிட்டாலும் ஒவ்வொரு தம்பதிக்கும் ஒரு சொத்து முறை உண்டு. தாங்களாக எழுதிக்கொள்ளாதவர்களுக்குச் சட்டமே ஒன்றைத் தந்துவிடுகிறது. அது கணவனும் மனைவியும் சேர்ந்து வாழும்போதும் பொருந்தும், கடன் வந்தாலும் பொருந்தும், ஒருவர் இறந்தாலும் பொருந்தும். அத்துவிடுவதற்கென்று எழுதும் தாள் அல்ல. புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இது புதிதும் அல்ல. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணையின்படி தங்கள் சமயச் சட்டத்தை விட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வந்த ரெனோன்சான் குடும்பங்கள் இங்கே உண்டு. இந்துத் திருமணச் சட்டத்தைப் புதுச்சேரிக்கு நீட்டித்தபோது, ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் இந்தப் பேச்சு சாதாரணமாக வந்திருக்கும். உங்கள் வீட்டில் அது இடியாக இறங்கியதும் இயல்புதான்.

இனி உங்கள் கணக்கைப் பார்ப்போம். கணக்குப் பிரிவில் இருப்பவர், எளிதாகப் பிடிபடும்.

எதுவும் எழுதாவிட்டால் என்ன? கல்யாணத்துக்கு முன் இருந்தது அவரவருடையது. பெற்றோர் வழியில் வருவதும், தானமாக வருவதும் அவரவருடையது. கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சம்பாதிப்பது, அந்தச் சம்பாத்தியத்தில் வாங்குவது எல்லாம் கூட்டுச் சொத்து, ஆளுக்குப் பாதி. சம்பளமும் இதில் சேரும். உங்கள் நெல்லிக்குப்பம் மனை உங்களுடையது, அவர் ஃபிளாட் அவருடையது. ஆனால் ஃபிளாட்டின் கடனைக் கல்யாணத்துக்குப் பின் அவர் சம்பளத்திலிருந்து அடைத்தாலும் அது கூட்டுப் பணம். கணக்குத் தீர்க்கும்போது ஃபிளாட்டின் சொந்தக்காரர் அந்தக் கூட்டுக்கு ஈடு செய்ய வேண்டும். நீங்கள் ஒரு யூரோகூடச் சம்பாதிக்காமல் வீட்டில் பிள்ளை வளர்த்திருந்தாலும் அந்த ஈட்டில் உங்களுக்குப் பாதி உண்டு.

‘அவரவர் சொத்து அவரவருக்கு’ என்ற முறையில் இந்தப் பாதி இல்லை. யார் பெயரில் வாங்கினார்களோ அவருடையது, யார் சம்பளமோ அவருடையது. உங்கள் முதல் சில வருடங்கள் எப்படிப் போகும்? பிரெஞ்சு படிக்க வேண்டும், இங்கே படித்த படிப்பை அங்கே ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும், நடுவில் குழந்தை வரலாம். அத்தனை காலமும் உங்கள் பெயரில் ஒன்றும் சேராது. பிறகு வேலைக்குப் போய் அவர் ஃபிளாட்டின் தவணையில் பாதி கட்டினாலும், அது குடும்பச் செலவில் உங்கள் பங்கு என்று சொல்லித் திருப்பித் தர மறுத்த தீர்ப்புகள் பிரான்ஸில் உண்டு.

எனக்கு மிகவும் கவலை தருவது கடை. மொழிபெயர்ப்புக்கு வந்த தாள்களில் ஒரு பெண்மணியின் கதையை வாசித்திருக்கிறேன். ஊர் லாசுப்பேட்டை. பாரிஸில் கணவரின் கடையில் கல்லாவில் உட்கார்ந்தவர், சரக்கு எடுத்தவர், விடியற்காலையில் ஷட்டரைத் தூக்கியவர் எல்லாம் அவர்தான். சம்பளச் சீட்டு ஒன்றுகூடக் கிடையாது. கடை கணவர் பெயரில், கல்யாண ஒப்பந்தம் தனிச் சொத்து முறையில். தன் பங்கு உழைப்பை நிரூபிக்க அவர் பழைய பில்களையும் பக்கத்துக் கடைக்காரர்களின் வாக்குமூலத்தையும் தேடி அலைய வேண்டியிருந்தது. வாழ்ந்த வாழ்க்கைக்கே சாட்சி தேடும் நிலை எந்தப் பெண்ணுக்கும் வரக் கூடாது.

இதே கடைதான் மறுபக்கத்தில் தனிச் சொத்து முறைக்கு நியாயமும் சேர்க்கிறது. கடை நொடித்தால், கூட்டுச் சொத்து முறையில் சேர்த்துவைத்ததையும் கடன்காரர்கள் தொடலாம். தனிச் சொத்து முறையில் உங்கள் பெயரில் இருப்பது பெரும்பாலும் தப்பிக்கும். வியாபாரிகள் வீட்டில் இதைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான். உங்கள் மாப்பிள்ளை மனதில் இருப்பது இந்தப் பயம்தானா என்று நேரடியாகக் கேளுங்கள். ஆம் என்றால், இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறது. ஈட்டியதில் பங்கு என்றொரு முறை பிரெஞ்சுச் சட்டத்தில் உண்டு. சேர்ந்து வாழும் காலம் முழுக்கச் சொத்து தனித்தனியாக நடக்கும். முடிவில், கல்யாணத்துக்குப் பிறகு யார் எவ்வளவு வளர்ந்தார் என்று கணக்குப் பார்த்து, அதிகம் வளர்ந்தவர் மற்றவருக்கு ஈடு தருவார். கடன்காரரிடமிருந்தும் காப்பு, உங்கள் உழைப்புக்கும் மதிப்பு. உங்கள் இருவர் நிலைமைக்கு இதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம்.

எந்த முறையாக இருந்தாலும் ஒப்பந்தத்தால் தொட முடியாத சில உண்டு. குடியிருக்கும் வீடு அவர் ஒருவர் பெயரிலேயே இருந்தாலும் உங்கள் சம்மதமில்லாமல் விற்க முடியாது. விவாகரத்தில் வாழ்க்கைத்தர வித்தியாசத்துக்காகக் கிடைக்கும் ஈட்டுத்தொகையைக் கல்யாணத்துக்கு முன்பே ‘வேண்டாம்’ என்று எழுதி வாங்க முடியாது. பிள்ளைகள் யாரிடம் இருப்பார்கள் என்றும் அதில் முடிவு செய்ய முடியாது. அவர் முந்திக்கொண்டால் மனைவியாக உங்களுக்கு வரவேண்டிய வாரிசுப் பங்கையும் தனிச் சொத்து முறை பறிக்காது.

“பிறகு மாற்றிக்கொள்ளலாம்” என்பது உண்மைதான். முன்பு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும், 2019 சட்டம் அதை நீக்கிவிட்டது. மறுபடி நொத்தேரிடம் போக வேண்டும். வயதுவந்த பிள்ளைகளுக்கும் கடன்காரர்களுக்கும் தெரிவிக்க வேண்டும், ஆட்சேபிக்க அவர்களுக்கு மூன்று மாதம் உண்டு. ஆனால் இருவரும் சம்மதித்தால்தான் மாற்ற முடியும். கடை நன்றாக ஓடும் ஒரு நாளில் அவர் சம்மதிப்பார் என்று இன்று யாரும் உறுதி தர முடியாது. பிறகு மாற்றலாம் என்ற நம்பிக்கையில் பிடிக்காத முறைக்குச் சம்மதிக்காதீர்கள்.

நகை விஷயம் சுருக்கமாக. பெண்ணுக்குப் போடுவது அவளுடைய ஸ்திரீதனம். 1956 வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அதை அவளுக்கு முழு உரிமையாக்குகிறது. கல்யாணத்தில் வரும் பரிசுகளுக்குப் பட்டியல் எழுதி மணமக்கள் கையெழுத்திட வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்பு விதிகளே சொல்கின்றன. யாரும் செய்வதில்லை, நீங்கள் செய்யுங்கள். மனைப் பத்திரத்தின் நகல் ஒன்றை அங்கே எடுத்துப்போங்கள், உங்கள் கல்யாணத்துக்கு முந்தைய சொத்து என்பதற்கு அதுவே சான்று.

வீட்டு வேலை செய்த மனைவியின் உழைப்பும் கணவர் வாங்கிய சொத்தில் பங்குதான் என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். சவுதியில் சம்பாதித்து அனுப்பிய கணவர், இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்ட மனைவி. அந்த மனைவிக்குப் பாதி கிடைத்தது. அப்பாவுக்கு அந்தத் தீர்ப்பை வாசித்துக் காட்டுங்கள். உங்களுக்காக அவர் கேட்க வேண்டியது அந்தப் பாதியைத்தான்.

இனி செய்ய வேண்டியது. ஒப்பந்தம் கல்யாணத்துக்கு முன்னால் கையெழுத்தாக வேண்டும் என்பதால் காலம் குறைவு. வரைவை இப்போதே கேளுங்கள். நொத்தேர் இருவருக்கும் பொதுவானவர்தான், என்றாலும் உங்களுக்கென்று தனி நொத்தேர் வைத்துக்கொள்ள உரிமை உண்டு. கையெழுத்திடும்போது மொழிபெயர்ப்பாளர் கூட இருக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். வரைவை எனக்கு அனுப்பினால் தமிழில் எழுதித் தருகிறேன், கட்டணம் வேண்டாம். ஆனால் நான் வக்கீல் இல்லை. பிரெஞ்சுச் சட்டம் தெரிந்த வக்கீல்கள் புதுச்சேரியில் இருக்கிறார்கள், ஒருவரிடம் அப்பாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். தைக்குள் இதெல்லாம் முடியாது என்றால், முகூர்த்தத்தை மாசிக்கோ பங்குனிக்கோ தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.