கூடைப்பந்தைத் தொழிலாகக் கொள்ளலாமா? மதுரைப் பயிற்சியாளரின் பதில்கள்

திருமங்கலத்திலிருந்து ஒரு தந்தை: பதினான்கு வயது மகன் ஆறடி உயரம். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. வரை செல்வானா?

என்.பி.ஏ.வில் 30 அணிகள், அணிக்கு 15 முழு ஒப்பந்தங்கள். ஆக, உலகம் முழுவதற்கும் ஏறத்தாழ 450 இடங்களே உள்ளன. பஞ்சாபின் பல்லோ கே என்ற சிற்றூரில் பிறந்த சத்னாம் சிங், லூதியானா அகாடமியில் பயின்று, சிறுவயதிலேயே அமெரிக்கா சென்று, என்.பி.ஏ. அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2015 டிராஃப்டில், டல்லாஸ் மேவரிக்ஸ் அணியால் 52ஆவது வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியாவில் பிறந்து அவ்வாறு தேர்வான முதல் வீரர் அவரே. இருந்தும் துணை லீக்கில் ஆடினாரே தவிர, என்.பி.ஏ.வின் வழக்கமான பருவ ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. மகனை முதலில் மாவட்ட அணிக்கும், பிறகு மாநில அணிக்கும் தயார்ப்படுத்துங்கள். பிறப்புச் சான்றிதழில் மட்டும் கைவைக்காதீர்கள். வயதைக் குறைத்துக் காட்டி இளையோர் பிரிவில் வென்ற பையன்கள் சீனியர் பிரிவில் தாக்குப்பிடிப்பதில்லை.

மேலூர் மாணவி: பெண்களுக்கு எதிர்காலம் உண்டா?

உண்டு. சென்னையில் பிறந்த அனிதா பால்துரை பதினேழு ஆண்டுகளுக்கும் மேலாக இந்தியாவுக்கு ஆடினார். அணிக்குத் தலைமை தாங்கினார். தெற்கு ரயில்வேயில் பணியாற்றினார். தாயான பிறகும் களத்துக்குத் திரும்பினார். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

உசிலம்பட்டி வாசகர்: ஐந்தடி ஆறங்குலம் போதுமா?

அமெரிக்க வீரர் மக்ஸி போக்ஸ் ஐந்தடி மூன்றங்குல உயரத்தோடு என்.பி.ஏ.வில் 14 பருவங்கள் ஆடினார். தலை நிமிர்ந்து, பந்தைப் பார்க்காமல், இரு கைகளாலும் அதைத் தரையில் தட்டியபடி நகரப் பழகுங்கள். தடுப்பவரின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அப்போதுதான் கவனிக்க முடியும்.

சோழவந்தான் வாசகர்: விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் கிடைக்கும் அரசு வேலைதான் நம் ஆட்டக்காரர்களைக் கெடுக்கிறது. நீங்களே அதை ஊக்குவிக்கலாமா?

உறுதியாக ஊக்குவிப்பேன். இந்தியாவில் 2015-இல் தொடங்கிய யூ.பி.ஏ. என்ற தொழில்முறைக் கூடைப்பந்து லீக் சில பருவங்களோடு நின்றுவிட்டது. அதை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு மறுமாதச் சம்பளத்தை யார் கொடுப்பார்கள்? வங்கியும் ரயில்வேயும் காவல்துறையும் அணிகளை நடத்தியதால்தான் விவசாயக் குடும்பத்துப் பையன்களும் முப்பது வயதுவரை ஆட முடிந்தது. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருப்பதை இழிவாகப் பேசுவது எனக்கு வருத்தம் தருகிறது.

அதே வாசகர்: வேலை கிடைத்ததும் காலைப் பயிற்சியை விட்டுவிடுகிறார்களே?

சிலர் விடுகிறார்கள், மறுக்கவில்லை. ஆண்டு முழுவதும் நடக்கும் லீக் இல்லாமல், சில போட்டிகளுக்காக மட்டும் கூடும் அணியில் எவருக்கும் ஊக்கம் தளரும். குறை அங்கேதான் இருக்கிறது. இந்திய வீரர் விஷேஷ் பிருகுவன்ஷி பொதுத்துறை நிறுவன அணியில் ஆடியவர்தான். 2017-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் 36யர்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. சம்பளம் அவரைத் தடுக்கவில்லை. ஆட்டங்களைக் கூட்டுங்கள் என்று கேளுங்கள். வேலையைப் பறிக்கச் சொல்லாதீர்கள்.

வாடிப்பட்டி வாசகர்: ஐந்தடி ஐந்தங்குலம்; வாய்ப்பு உண்டா?

உசிலம்பட்டி வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள். உயரம் பற்றிய கேள்விகளுக்கு இனிப் பதில் இல்லை.

அலங்காநல்லூர் பெற்றோர்: மகனின் வயதை ஓராண்டு குறைத்தால் தேர்வில் இடம் உறுதி என்கிறார் ஒருவர்.

அவரை விட்டு விலகுங்கள். முதல் பதிலிலேயே எச்சரித்தேன். உண்மை வெளிவந்தால் தடையை அனுபவிப்பவன் உங்கள் மகன்தான்.

கல்லூரி மாணவர்: சிமெண்ட் கோர்ட்டில் ஆடியதால் முழங்கால் சில்லுக்குக் கீழே வலி.

குதிப்பதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். மருந்து எதையும் நான் சொல்ல மாட்டேன்.