கொழிஞ்சாம்பாறையில் ‘கொ’ ஏன் உடைந்தது?

கேள்வி: ஐயா, எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டில் படிக்கிறேன். எங்கள் ஊர், சித்தூர், வாளையார் மூன்றின் மழையளவையும் பட்டைப் படமாக வரைய, பிஎல்பிளாட் என்ற வரைபட நிரலகத்துக்கு நானே ஒரு டிரைவர் (படத்தைத் திரையிலோ கோப்பிலோ வரையும் பகுதி) எழுதி, எழுத்துருவைப் படிக்கும் ஃப்ரீடைப் நிரலகத்தைச் சேர்த்தேன். முதலில் வெறும் கட்டங்கள் வந்தன. தமிழ் எழுத்துரு கொடுத்ததும் எழுத்து வந்துவிட்டது. ஆனால் ஊர்ப்பெயரில் ‘க’ முன்னால் நிற்கிறது, கொம்பும் காலும் அதற்குப் பின்னால். பெயரும் பட்டைக்கு நேர் கீழே நிற்காமல் இடப்பக்கம் ஓடுகிறது. எழுத்துருவை மாற்ற வேண்டுமா?

பதில்: எழுத்துருவை விடுங்கள் தம்பி, அது பாவம். எதை மாற்றினாலும் இதே கதைதான்.

என் பெரியப்பா சித்தூரில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர். ‘கொ’ வேண்டுமென்றால் முதலில் கொம்பை எடுப்பார், பிறகு க, பிறகு கால். அது கண்ணுக்குத் தெரியும் வரிசை. எழுத்துக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு, வாயில் வரும் வரிசையில் சேமிக்கிறது: க, அடுத்து ஒகரக் குறி, ஆக இரண்டே எண்கள். அந்தக் குறியைப் பிளந்து கொம்பை முன்னால் கொண்டுபோய் வைக்க ஆள் வேண்டும். ஃப்ரீடைப் அதைச் செய்யாது. எண்ணுக்கு உருவம் எடுத்துக் கொடுப்பதோடு சரி. பெரியப்பா வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற இன்னொரு நிரலகம். (பாரசீகப் பெயர். ‘ஓப்பன்டைப்’ என்ற எழுத்துரு வகையின் பெயரை அப்படியே பெயர்த்து வைத்திருக்கிறார்கள்.) ‘மு’, ‘டு’ போன்றவற்றை ஒட்டவைப்பதும் அதுதான்.

எனவே ஒவ்வோர் எழுத்தாக நடக்கும் சுற்றை எடுத்துவிட்டு, பெயரை முழுதாக ஹார்ஃப்பஸிடம் கொடுங்கள். உருவ எண்களும் இடங்களும் திரும்பி வரும். அவை யூனிகோடு எண்கள் அல்ல, எழுத்துருவுக்குள் இருக்கும் வரிசை எண்கள். ஃப்ரீடைப்பில் யூனிகோடு எண் கேட்கும் ‘லோட் சார்’ வேண்டாம், உருவ எண் கேட்கும் ‘லோட் கிளிஃப்’ போடுங்கள். இதைக் கவனிக்காமல் நான் ஒரு சாயங்காலம் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். திரும்பி வரும் இடங்களில் ஒரு பிக்சலுக்கு 64 அலகு என்பதும் நினைவிருக்கட்டும். வகுக்க மறந்தால் ‘ழி’ பொள்ளாச்சியில் போய் விழும்.

இடப்பக்கம் ஓடுவது வேறு கோளாறு. பைட்டை எண்ணியிருப்பீர்கள். கொழிஞ்சாம்பாறை நமக்கு 7 எழுத்து, யூனிகோடுக்கு 14 குறி, யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 42 பைட். டிரைவர் 42 எழுத்து என்று நம்பி அதில் பாதிக்கு இடப்பக்கம் தள்ளுகிறது. ஹார்ஃப்பஸ் ஒவ்வோர் உருவத்துக்கும் தரும் நகர்வுகளை (அடுத்த உருவத்துக்கு எவ்வளவு தள்ள வேண்டும் என்பதை) கூட்டி அகலம் எடுங்கள்.

சொந்த டிரைவர்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால், பிஎல்பிளாட்டிலேயே கெய்ரோ டிரைவர் இருக்கிறது. அது எழுத்தை, வரிகளை அடுக்கும் பாங்கோ நிரலகத்திடம் விட்டுவிடும்; பாங்கோ ஹார்ஃப்பஸைக் கூப்பிட்டுக்கொள்ளும். நாளைக்கே படம் கொடுக்க வேண்டுமென்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

அப்புறம், உங்கள் கல்லூரியில் மலையாளத்திலும் பெயர் கேட்பார்கள். அங்கேயும் ‘கொ’வுக்கு இரண்டு பக்கமும் குறி உண்டு. ஒரே வரியில் இரு மொழியும் வந்தால் அப்படியே கொடுக்காதீர்கள். தமிழைத் தனியாக, மலையாளத்தைத் தனியாக வெட்டி, அததற்கான எழுத்துருவோடு கொடுங்கள். பாங்கோ என்றால் அந்த வெட்டும் வேலையும் உங்களுக்கு இல்லை.