வாள் பழக ஆசையா? முதலில் ஒரு கம்பை எடுங்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. சின்ன வயதிலிருந்தே பழங்காலக் கை ஆயுதங்கள் என்றால் உயிர். ஐரோப்பிய நீள்வாள், ஜப்பானியக் கட்டானா, ஈட்டி, போர்க்கோடாரி, சுருள்வாள் எல்லாமே பிடிக்கும். இதுவரை பார்த்து ரசித்ததோடு சரி. இனி ஒன்றையாவது முறையாகப் பழக வேண்டும். எதில் தொடங்குவது? அலங்காரத்துக்கு வாங்கிய துருப்பிடிக்காத எஃகு வாள் ஒன்று வீட்டில் இருக்கிறது, அதை வைத்தே பழகலாமா? காணொளி பார்த்துக் கற்றுக்கொள்ள முடியுமா? என் 11 வயது மகளும் கூடவே கற்க ஆசைப்படுகிறாள்.

பதில்: உங்கள் கேள்விகளில் அவசரமானது அந்த வாள்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சுழற்றாதீர்கள். ஒரே ஒரு தடவைகூட வேண்டாம்.

இதேபோன்ற அலங்கார வாள் ஒன்றை நண்பர் ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். "பிடி லேசாக ஆடுது, இறுக்கித் தர்றீங்களா?" என்று கேட்டார். பிடியின் கடைசியில் இருந்த குமிழைத் திருகிக் கழற்றி, பிடியை உருவினேன். உள்ளே பென்சில் கனத்துக்கு மரை போட்ட ஒரு கம்பி. மூன்று விரல் அகலமிருந்த அலகின் அடியில் அதை ஒரு பொட்டு வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார்கள். அந்தப் பொட்டைச் சுற்றி மயிரிழை போல ஒரு விரிசல் பாதி தூரம் ஓடியிருந்தது. அந்த நிலையில் யாராவது வேகமாக வீசியிருந்தால், பிடி கையிலேயே நின்றிருக்கும், அலகு மட்டும் எதிரே நிற்பவரைத் தேடிப் போயிருக்கும். அவருடைய மகன்கள் இருவரும் அதை வைத்துத்தான் மொட்டை மாடியில் விளையாடிக்கொண்டிருந்தார்களாம்.

பழகுவதற்கென்று செய்யும் வாளில் அலகின் எஃகே பிடிக்குள்ளும் ஒரே துண்டாக நீண்டு, அகலமான காம்பாகக் கடைசி வரை போகும். எஃகின் வகையும் வேறு. துருப்பிடிக்காத எஃகு சமையலறைக் கத்தி நீளத்துக்கு அருமையானது. ஒரு கை நீளத்துக்கு இழுத்து, வேகமாக வீசி, எதிலாவது மோதவிட்டால் வளைந்து கொடுக்காமல் முறிந்துவிடும். பழகும் வாள்களுக்குப் பதமேற்றிய கரி எஃகைப் பயன்படுத்துவது அதனால்தான். உங்களுடையதைச் சுவரில் நன்றாக மாட்டி, பார்த்து ரசியுங்கள். அதற்குத்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. நீங்கள் சொன்ன ஐந்தில் எதை இறுதியில் பழகினாலும் சரி, தொடங்க வேண்டியது வெறும் கம்பில். ஏமாற்றமாக இருக்கும், தெரியும். ஆனால் இந்தக் கம்பு, வாள் கிடைக்காத குறைக்காகப் பிடிக்கும் மாற்றுப் பொருள் என்று நினைக்காதீர்கள். கம்பின் முனையில் அலகு வைத்தால் அதுவே ஈட்டி. உலகின் பல படைகளில் அதிகமான கைகளில் இருந்தது அந்த ஈட்டிதான். வாள் இடுப்பில் தொங்கியது, ஈட்டி உடைந்த பிறகோ நெருக்கடியிலோதான் உறையிலிருந்து வெளியே வந்தது. 1599-ல் ஆயுதங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதிய ஆங்கிலேயர் ஜார்ஜ் சில்வர், எட்டு ஒன்பது அடிக் கம்பைத் தேர்ந்தவர் பிடித்தால் வாளும் குத்துவாளும் ஏந்திய இருவரையும் சமாளிப்பார் என்று அடித்துச் சொல்கிறார். காரணம் எளிது: எதிராளியின் முனை உங்களைத் தொடுவதற்கு முன்னால் உங்கள் முனை அவரைத் தொட்டுவிடும். சீனத் தற்காப்புக் கலையிலும் ஒரு வழக்கு உண்டு. கம்புக்கு ஒரு மாதம், வெட்டுவாளுக்கு ஒரு வருடம், ஈட்டிக்கு ஆயுள் முழுக்க என்பார்கள். எல்லாவற்றுக்கும் முந்தி வருவது கம்பு.

அதற்கும் முந்தி வருவது உடம்பு. களரியில் உடற்பயிற்சியான மெய்த்தாரி முடிந்தபின் மர ஆயுதங்களுக்கான கோல்தாரி, அதற்குப் பின்தான் உலோக ஆயுதங்களுக்கான அங்கத்தாரி. சிலம்பத்தில் காலடி பழகாமல் வீச்சுக்குப் போக மாட்டார்கள். 1410 வாக்கில் தன் வித்தையைப் படங்களோடு எழுதிவைத்த இத்தாலிய ஆசான் ஃபியோரே தெய் லிபேரியும் மல்யுத்தத்தில் தொடங்கி, குத்துவாளைக் கடந்து, பிறகுதான் வாளுக்கு வருகிறார். அவர் சுவடியில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் ஒன்று உண்டு. நடுவில் ஒரு மனிதன், அவனைச் சுற்றி ஏழு வாள்கள், நான்கு விலங்குகள். தலைக்கு மேலே விவேகத்துக்கு அடையாளமாக ஒரு காட்டுப்பூனை, பக்கவாட்டில் வேகத்துக்குப் புலியும் துணிவுக்குச் சிங்கமும். காலடியில் ஒரு யானை, முதுகில் கோட்டையைச் சுமந்தபடி நிற்கிறது. உறுதிக்கு அடையாளம் அது. பழகுகிற எவருக்கும் அந்த யானையைத்தான் நான் முதலில் காட்டுவேன். கால் நிலைகொள்ளாதவரின் கையில் எந்த வாளும் நிலைகொள்வதில்லை.

என்ன கம்பு, எவ்வளவு நீளம்? நேராக நின்றால் தரையிலிருந்து உங்கள் புருவம் வரை வந்தால் போதும். பிரம்பாக இருந்தால் நல்லது. அடிபட்டால் நார் நாராகப் பிரியுமே தவிர, கூரான சிராயாகத் தெறிக்காது. கையில் எடுக்கும் முன் முழுக் கம்பையும் துணியால் ஒருமுறை உருவிப் பாருங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே உப்புத்தாள் போட வேண்டும்.

இனி பயிற்சி. ஒரு டென்னிஸ் பந்தை நூலில் கட்டி மார்பு உயரத்தில் தொங்கவிடுங்கள். கம்பை முன்னே நீட்டினால் முனை பந்தைத் தொடாத, ஆனால் ஒரு காலடி முன்வைத்தால் தொடுகிற இடத்தில் நில்லுங்கள். அங்கிருந்து ஒரே அடியில் பந்தை முனையால் தொடுங்கள். தள்ளக் கூடாது, தொட மட்டும் வேண்டும். பின்வாங்குங்கள். மறுபடி தொடுங்கள். முதல் நாள் பத்தில் ஏழெட்டுத் தடவை பந்து தெறித்து ஓடும், அல்லது முனை அதற்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடும். சில வாரங்களில் நிற்கும்போதே கண்ணுக்குத் தெரிந்துவிடும்: இது எட்டும், இது எட்டாது என்று. எல்லா ஆயுதக் கலைகளுக்கும் அடியில் இருப்பது இந்தத் தூர உணர்வுதான். வாளைக் கையில் எடுக்கும்போது நீளம் மாறும், உணர்வு கூடவே வரும்.

இதில் பெரியவர்கள் அனைவரும் செய்யும் தவறு ஒன்றுதான். கால் முந்திப் போய்விடும், கை பின்னால் வரும். அதாவது எதிராளி உங்களை அடிக்கக்கூடிய எல்லைக்குள் உடம்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு அடிக்க யோசிக்கிறீர்கள். கை முதலில், உடம்பு அடுத்து, கால் அதற்குப் பின் என்று சில்வர் வற்புறுத்துவது இதற்காகத்தான். ஜப்பானிய வாள்கலையான கெண்டோவில் வாளும் காலும் ஒரே கணத்தில் சேர வேண்டும் என்பார்கள். முறை வேறு, ஆனால் உடம்பு ஆயுதத்தை முந்தக் கூடாது என்பதில் இருவரும் ஒன்று. கம்பு முனை நகர ஆரம்பித்த பிறகே முன்கால் தரையை விட்டு எழுகிறதா என்று கைபேசியில் படம் பிடித்துப் பாருங்கள். நீங்கள் நினைப்பதற்கும் படத்தில் தெரிவதற்கும் உள்ள இடைவெளி முதல் வாரத்தில் அதிர்ச்சி தரும்.

பிடியைப் பற்றி ஒரு சொல். சுத்தியலை இறுக்குவதுபோல ஐந்து விரலையும் இறுக்காதீர்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் பிடிக்கட்டும், ஆட்காட்டி விரல் தளர்ந்திருக்கட்டும். விசைப்பலகையில் வேலை பார்க்கும் உங்கள் முழங்கை ஏற்கெனவே களைத்திருக்கும். இறுக்கிப் பிடித்தால் சீக்கிரமே வெளிப்பக்கத் தசைநாரில் வலி வரும், வந்தால் லேசில் போகாது. வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு 20 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் என்பது முட்டிக்கும் தோளுக்கும் கேடு.

மூன்று மாதம் போகட்டும். பிறகு உங்கள் பட்டியலுக்கு வரலாம்.

ஈட்டி உங்களுக்கு ஏறக்குறைய கைவந்திருக்கும், கம்பின் ஒரு முனையைக் குத்துவதற்கென்றே பழகினால் அதுதான். நீள்வாளோ கட்டானாவோ என்றால் ஒரு புதிய பாடம் இருக்கிறது: விளிம்பு. உருண்டைக் கம்புக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். வாளோ விளிம்பு போகும் திசையில் மட்டுமே வெட்டும், சற்றுச் சாய்ந்தாலும் தட்டையாக அறையும். அதனால் முட்டை வடிவக் குறுக்குவெட்டு உள்ள மரவாளுக்கு மாறுங்கள், விளிம்பு எந்தப் பக்கம் என்பதை உள்ளங்கையே சொல்லும். பின்னாளில் பள்ளம் ஓடிய அலகுள்ள எஃகு வாளை வீசும்போது, விளிம்பு நேராகப் போனால் காற்றில் தெளிவாக ஒரு சீறல் கேட்கும். சாய்ந்தால் அந்தச் சீறல் மங்கிவிடும். முதன்முறை அது கேட்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல முடியாது.

பழைய வாள்கள் பத்துக் கிலோ எடை என்ற பேச்சை நம்ப வேண்டாம். போரில் பயன்பட்ட நீள்வாள்கள் பெரும்பாலும் 1.1 முதல் 1.6 கிலோவுக்குள்தான், கட்டானா ஏறக்குறைய 1 முதல் 1.3 கிலோ. எடையைவிட அது எங்கே நிற்கிறது என்பதே முக்கியம். நல்ல வாளை ஒரு விரலில் தாங்கிப் பார்த்தால் கைக்காப்புக்குச் சில விரற்கடை முன்னால் சமநிலை கிடைக்கும், அதனால் பாதி வழியில் நிறுத்தவும் திருப்பவும் முடியும். கோடாரியில் எடையெல்லாம் நுனியில். கிளம்பிவிட்டால் நிற்காது. அதனால் அதை இரண்டாம் ஆண்டுக்கு ஒத்திவையுங்கள்.

சுருள்வாளை ஆசானின் கண் பார்வை இல்லாமல் தொடவே கூடாது. களரியில் அதைக் கடைசியாகச் சொல்லிக்கொடுப்பது மரபுக்காக மட்டும் அல்ல. வளையும் அலகு கொஞ்சம் வேகம் குறைந்தால் வீசியவரின் கழுத்துக்கும் தொடைக்குமே திரும்பி வரும்.

காணொளி உதவுமா? தனியாகச் செய்யும் காலடிக்கும் வீச்சுக்கும் உதவும். நேரமறிந்து அடிப்பதை எதிரே ஒரு மனிதர் நிற்காமல் யாரும் கற்றதில்லை. ஆகவே ஆசானைத் தேடுங்கள். சேரும் முன் ஒரு வகுப்பு முழுக்க ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஆசானின் வீச்சைவிட, மூத்த மாணவர்கள் புதியவர்களோடு எப்படிப் பழகுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். புதியவரைத் தொடும் கணத்தில் அவர்கள் கை அடங்கினால் நல்ல இடம், தழும்பைப் பெருமையாகக் காட்டினால் வேறு இடம் பாருங்கள். "நிறுத்து" என்ற சொல்லுக்கு மொத்தக் கூடமும் அந்தக் கணமே நிற்க வேண்டும்.

இன்னொன்றும் கேளுங்கள்: இந்த முறை எங்கிருந்து வந்தது? சிலம்பம், களரி, கெண்டோ எல்லாம் ஆசான் கைவழியாக வந்தவை. நீள்வாள் அப்படியல்ல. இடையில் மரபு அறுந்துபோய், பழைய சுவடிகளை வைத்து இன்று மீட்டெடுக்கிறார்கள். அங்கே நல்ல பயிற்றுநர் "சுவடியில் இப்படி இருக்கிறது, நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்" என்று பிரித்துச் சொல்வார்.

ஜோடிப் பயிற்சி தொடங்கும் நாளிலிருந்து முகக்கவசம் கட்டாயம். மெதுவாகச் செய்தாலும் கட்டாயம், கண்ணுக்கு மாற்று கிடையாது. மரவாளால் சுதந்திரமாக மோதவே வேண்டாம், அது எலும்பை உடைக்கும். அதற்கென்று மூங்கில் பட்டைகளால் கட்டிய வாளோ நைலான் வாளோ முனை மழுங்கிய வளையும் எஃகு வாளோ இருக்கின்றன. நீள்வாள் மோதலில் அதிகம் அடிபடுவது விரல்கள். பணத்தை எதில் மிச்சம் பிடித்தாலும் கையுறையில் பிடிக்காதீர்கள். அலகுள்ள ஆயுதத்தை வாங்கவும் வெளியே எடுத்துச் செல்லவும் நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டம் என்ன சொல்கிறது என்று வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

கடைசியாக உங்கள் மகள். தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்று நமக்குக் கிடைத்திருக்கும் ஐரோப்பிய வாள்வித்தைச் சுவடிகளில் மிகப் பழையது 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலுள்ள அரச ஆயுதக் காட்சியகத்தில் இருக்கிறது. வாளும் கைக்கேடயமும் பிடித்த ஒரு பாதிரியாரும் அவர் மாணவரும் பக்கம் பக்கமாக வருவார்கள். முடிவை நெருங்கும்போது மாணவர் இருந்த இடத்தில் ஒரு பெண் நிற்கிறாள், தலைமுடி அவிழ்ந்து தொங்க, நீண்ட அங்கியோடு. பெயர் வால்புர்கிஸ் என்று எழுதியிருக்கிறது. உங்கள் மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவளுக்கு உங்கள் கம்பை வெட்டிக் கொடுக்காதீர்கள், கனமாக இருக்கும். மெல்லிய பிரம்பாகப் பார்த்து அவள் புருவ உயரத்துக்கு வெட்டுங்கள். பந்தையும் அவள் மார்பு உயரத்துக்கு இறக்கிக் கட்டுங்கள். ஆளுக்குப் பத்து முறை, மாறி மாறி. எண்ணிக்கையை அவளே சொல்லட்டும்.