கூரையில் 60 செ.மீ. பனி கிடக்கிறது. அதன் எடையை எப்படிக் கணக்கிடுவது?

ஆழத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 60 செ.மீ. பனி சதுர மீட்டருக்கு 60 கிலோவும் இருக்கலாம், 240 கிலோவும் இருக்கலாம். ஐரோப்பியக் கட்டுமான விதியான இஎன் 1991-1-3 தரும் அடர்த்திகளைப் பாருங்கள்: புதுப்பனி கன மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ, சில மணி நேரமோ சில நாட்களோ ஆகிப் படிந்தது 200, வாரக்கணக்கில் கிடந்து இறுகியது 250 முதல் 350, ஈரப்பனி 400. ஆழத்தைக் கேட்டு எடையைச் சொல்லும் இணையக் கணிப்பான்கள் இந்த அடர்த்தியைத் தாமே ஊகித்துக்கொள்கின்றன. அதனால் அவற்றை நான் பொருட்படுத்துவதில்லை.

நம்பகமான வழி, ஒரு துண்டு பனியை எடுத்து நிறுத்துப் பார்ப்பதுதான். உள்விட்டம் 10 செ.மீ. உள்ள பிவிசி குழாய் போதும். வீட்டுக்குள்ளிருந்து கொண்டுவந்த சூடான குழாயில் பனி உருகி ஒட்டிக்கொள்ளும். எனவே முதலில் அதை வெளியே வைத்து ஆறவிடுங்கள். பிறகு செங்குத்தாக அடிவரை இறக்குங்கள், ஆனால் கூரையின் நீர்த்தடுப்புப் படலத்தைக் குத்திவிடாதீர்கள். ஒரு பக்கத்துப் பனியை விலக்கி, குழாயின் அடியில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகித் தூக்குங்கள். பனியைப் பையில் கொட்டி எடை போடுங்கள். கிராமில் வரும் எடையை 0.127-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது கிடைக்கும். 1,100 கிராம் வந்தால் 140 கிலோ.

குழாய்க்குள் ஏறிய பனியின் நீளத்தை வெளியே உள்ள ஆழத்தோடு ஒப்பிட மறக்க வேண்டாம். மிகவும் குறைந்தால், உள்ளே பனி அடைத்துக்கொண்டு மீதியை ஒதுக்கித் தள்ளியிருக்கிறது என்று பொருள். அந்த அளவீட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அடியில் பனிக்கட்டி இருந்தால் குழாய் இறங்காது. அதன் தடிமனைத் தனியாக அளந்து, ஒவ்வொரு செ.மீ.க்கும் 9 கிலோ கூட்டுங்கள்.

சாய்வுக் கூரையில் பலரும் தவறுவது ஓரிடத்தில். செங்குத்தாக எடுத்த மாதிரி கிடைமட்டப் பரப்புக்கான எடையைத்தான் தரும். ஆகவே மொத்த எடை வேண்டுமானால் கட்டடத்தின் தரைப்படப் பரப்பால், அதாவது கூரை மேலிருந்து மூடும் கிடைமட்டப் பரப்பால், பெருக்க வேண்டும். சரிவின் பரப்பால் அல்ல.

கூரையில் ஏற முடியாதா? தரையில் காற்று கலைக்காத இடத்தில் மாதிரி எடுத்து 0.8-ஆல் பெருக்குங்கள். 30 பாகை வரையிலான சரிவுகளுக்கு அதே விதி கொடுக்கும் எண் இது. அதற்கு மேல் படிப்படியாகக் குறைந்து 60 பாகையில் பூச்சியமாகும். ஆனால் பனி சறுக்காமல் தடுக்கும் கம்பிகள் இருந்தால் இந்தக் குறைப்பு பொருந்தாது.

சராசரி எடை சரியாக இருந்தும் கூரை இடிவதுண்டு. காற்று பனியை உயரமான சுவரை ஒட்டியும், கைப்பிடிச் சுவரின் பின்னாலும், இரு சரிவுகள் சந்திக்கும் பள்ளத்திலும் குவிக்கும். அங்கே சுமை மற்ற இடங்களைவிட இரண்டு, மூன்று மடங்கு ஏறலாம். நடுவில் ஒன்று எடுத்தால் அங்கே கட்டாயம் ஒன்று எடுங்கள்.

மழை பெய்தால் கணக்கே மாறிவிடும். 1 மி.மீ. மழை என்றால் சதுர மீட்டருக்கு 1 கிலோ. பனி அதைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வடிகால் உறைந்திருந்தால் இன்னும் மோசம். மழைக்குப் பின் பனி அமுங்கி ஆழம் குறைவதைப் பார்த்து, சுமை இறங்கிவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் சுமை ஏறியிருக்கும்.

கிடைத்த எண்ணைக் கட்டட வரைபடத்தில் குறித்துள்ள வடிவமைப்புப் பனிச்சுமையோடு, அதாவது கூரை தாங்குவதற்கென்று கணக்கிட்ட பனிச்சுமையோடு, ஒப்பிடுங்கள். அது பெரும்பாலும் சதுர மீட்டருக்கு இத்தனை கிலோநியூட்டன் என்று இருக்கும். 1 கிலோநியூட்டன் என்றால் ஏறக்குறைய 102 கிலோ. எண் குறைவாக இருந்தாலும் முழு நிம்மதி கிடையாது. 2006 ஜனவரி 2 அன்று ஜெர்மனியின் பாட் ரைகன்ஹாலில் பனிக்கட்டித் தளச் சறுக்கு அரங்கின் கூரை விழுந்து 15 பேர் இறந்தபோது, பனிச்சுமை வடிவமைப்பு அளவைத் தாண்டியிருக்கவில்லை. மர உத்தரங்களின் பசை ஈரத்தில் பலமிழந்திருந்தது.

பனியை அகற்றுவதானால் இரு சரிவிலும் மாறிமாறிச் சம அளவில் இறக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் காலிசெய்தால் சட்டகம் ஒருபுறமாகச் சுமை தாங்க நேரும். அள்ளியதைக் கூரையிலேயே குவிக்க வேண்டாம். படலம் கிழியாமலிருக்க அடியில் 5 செ.மீ. விட்டுவிடுங்கள். உள்கதவுகள் திடீரென இறுகினாலோ, உத்தரம் தொய்ந்தாலோ, முறியும் ஓசை கேட்டாலோ அளந்துகொண்டிருக்காமல் எல்லோரும் வெளியேறி, கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள்.