கண்மாய் வேலையும் ஊர்க்காரர்களும்: கேள்வி பதில்

மதுரை, மேலூர்ப் பக்கம் கண்மாய் எனப்படும் பாசன ஏரிகளின் சீரமைப்புத் திட்டங்களை ஒருங்கிணைத்தவர், இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்குச் சொன்ன பதில்கள்.

கேள்வி: அண்ணே, ஊர்ப் பொது மந்தையில கூட்டம் போட்டோம், எல்லாரும் சரின்னாங்க. ஜேசிபி இறங்குன அன்னைக்கு, வாய்க்கால் கடைசியில வயல் இருக்கிற கடைமடைக்காரங்க வந்து மறிச்சுட்டாங்க. ஏன்?

பதில்: தம்பி, கூட்டத்துக்கு யார் வந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தலைமடையில், அதாவது தண்ணீர் முதலில் பாயும் இடத்தில் நிலம் உள்ளவர்கள்தான் பெரும்பாலும் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு உழுகிறவர், ஆடு மேய்க்கிறவர், கூலி வேலைக்குப் போகும் பெண்கள் வந்தாலும் அங்கே வாய் திறக்க மாட்டார்கள். மந்தைக்கு வரவே தயங்கும் தெருக்களும் உண்டு.

மறிப்பவர்களிடம் அநேகமாக நியாயம் இருக்கும். தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வாய்க்காலில் ஏறாது. கிணறு ஊறும், மாடு குடிக்கும், வயலுக்குப் பாயாது. மடை ஓரத்தில் ஆழமாக மண் எடுத்தால், அந்தப் பள்ளம் நிரம்பிய பிறகுதான் மடைக்கே தண்ணீர் வரும். மழை குறைந்த வருடத்தில் முதலில் காய்வது கடைமடைதான். அந்தப் பயத்தில்தான் வந்து நிற்கிறார்கள்.

வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, மடை திறக்கும் நீர்பாய்ச்சியோடு கரையில் ஒரு நடை போய் வாருங்கள். எந்த மடைக்கு எவ்வளவு வயல், எந்த வருடம் யாருக்குத் தண்ணீர் எட்டவில்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பிறகு கடைமடைக்காரர்களின் தெருவுக்கே போய் உட்கார்ந்து, எங்கே எவ்வளவு ஆழம் தோண்டப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் இடத்தை மாற்ற முடியுமானால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கண்மாயில மீன் பிடிக்க மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் தண்ணியத் திறக்கவே விடமாட்டேங்கிறார்ணே.

பதில்: பணம் கட்டியிருக்கிறார், அவரைப் பகைக்காதீர்கள். வருவாய்த் துறைக் கணக்கான பசலி ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. குத்தகையும் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் ஓடும். இந்த வருடம் மீன் பிடித்து முடிக்கும் தேதியை அவர் வாயாலேயே கேட்டு வாங்குங்கள். அடுத்த ஏலத்தில் வேலை நடக்கும் மாதங்களை நிபந்தனையாகவே சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பொறியாளர் மாறிட்டார். புதுசா வந்தவர் எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கிறார்.

பதில்: அவருக்கு உண்மையிலேயே தெரியாது. முதலில் சரியான அலுவலகத்தில்தான் நிற்கிறீர்களா என்று பாருங்கள். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம் உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். இனி ஒவ்வொரு பேச்சுக்கும் தேதி போட்டு ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். கிராம சபைத் தீர்மானமும் கோப்பில் இருக்கட்டும்.

கேள்வி: பணம் கொடுக்கிற கம்பெனி மார்ச் 31-க்குள்ள முடிக்கணும்னு நிக்குது.

பதில்: தண்ணீர் வற்றாமல் மண் எடுக்க முடியாது. பல வருடம் சித்திரை, வைகாசி ஆகிவிடும். ஐப்பசி மழைக்குள் கரை இறுகியிருக்கவும் வேண்டும். இதை ஒப்பந்தம் போடும்போதே சொல்ல வேண்டும். சொல்லவில்லையென்றால் இன்றைக்கே போன் போடுங்கள். தாமதத்தை அவர்கள் உங்களிடமிருந்துதான் கேட்க வேண்டும், வேறு யார் வாயிலிருந்தும் அல்ல.

கேள்வி: எதிர்க்கிறவங்ககிட்டப் பேசித்தான் ஆகணுமா? அனுமதி கையில இருக்கே?

பதில்: அரிட்டாபட்டியை நினைத்துப் பாருங்கள். 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். 2024 நவம்பரில் அந்தப் பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் போனது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன, மேலூர் வட்டாரமே தெருவில் இறங்கியது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஊர் சம்மதிக்காமல் வெறும் அனுமதியை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

கேள்வி: கண்மாய்க்குள்ள ஒருத்தர் தென்னை வச்சிருக்கார். நாங்களே பேசி எடுக்கச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். எல்லையை அளக்கச் சொல்லித் தாசில்தாருக்கு மனு கொடுங்கள். நீர்வளத் துறைக் கண்மாய் என்றால் 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. அளவு முடியும்வரை அந்தப் பக்கம் விட்டுவிட்டு, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயில் வேலையை ஆரம்பியுங்கள்.